சமம் கேட்காத ஆட்டம்

அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள், ஒரே கம்பெனி. தம்பி பிரேக்கைச் சரிபார்க்காமல் ஒரு லிஃப்டை ஓடவிட்டதற்காக, மேற்பார்வையாளரான அண்ணன் நாலு பேர் முன்னால், "உன்னை நம்பி எவன் ஏறுவான்?" என்று கேட்டுவிட்டான். தப்பு தம்பியுடையதுதான். தப்பு நம்முடையது என்றால்தானே ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது? அன்றே வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

கடைசியில் அண்ணிதான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னாள். பேச வேண்டாம், செஸ்ஸாவது ஆடுங்கள். ஃபோனில் நாளுக்கு ஒரு நகர்வு. தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்கு வந்து முதலில் பேச வேண்டும். சமமானால் சின்னவன் போக வேண்டும். வீம்பு இருவருக்கும் ஒரே அளவு என்பதால் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

தம்பிக்கு வெள்ளைக் காய். இத்தாலியன் திறப்பு என்கிற தொடக்க முறையில் ஆடினான். அதற்குக் கறுப்பு தன் பிஷப்பை வெளியே அனுப்பிச் சண்டைக்கு வருவதுதான் வழக்கம். அண்ணனோ அதை ராஜாவுக்கு முன்னால் ஒரே கட்டம் நகர்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இப்படிப் பதுங்குகிறவனைக் கையாள்வது தம்பிக்கு அத்துப்படி. பலகையின் நடுவைப் பிடி. காய்க்குக் காய் வெட்டிக்கொள்ளாதே, வெட்டினால் அவனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிடும். முக்கியமாக, அவசரப்படாதே. தம்பி அவசரப்படவே இல்லை.

முப்பதாவது நகர்வுக்குப் பிறகு அண்ணனிடமிருந்து வந்ததெல்லாம் ஒரே யானைதான். இன்று ஒரு கட்டம் இடப்பக்கம், நாளை ஒரு கட்டம் வலப்பக்கம். தோற்பது தெரிந்தும் மனுஷன் விடுகிறானா பார் என்று தம்பிக்குச் சிரிப்பாக வந்தது. ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு ஃபோனைப் பார்த்தபோது, என்னவோ பாசம் பொங்கி, 'சமம் பண்ணிக்கலாமா?' என்று தட்டினான். உடனே அழித்தான். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு நாமே போய் நிற்பதா? அண்ணன் தன் வாசலுக்கு வர வேண்டும், தம்பிக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும்.

மறுவாரம் காலையில் அண்ணி கூப்பிட்டாள். அண்ணன் போய்விட்டான்.

அண்ணன் வீட்டு முன்னறையில் வாடகைக் கட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டர். ஸ்டூல்மேல் பலகை. ஏன் யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று தம்பி கத்தினான்.

"இரக்கப்பட்டு வரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்" என்றாள் அண்ணி. "ஆட்டம் ஆரம்பிச்ச பத்தாம் நாளே படுத்துட்டார். கடைசி மூணு வாரம் கண்ணும் தெரியல. நான்தான் யானையை நகர்த்தினேன். எனக்கு வேற என்ன தெரியும்? தோத்தா அவர்தானே நடந்து வரணும்?"

"ஒரு வார்த்தை, சமம்னு கேட்டிருக்கலாமே அண்ணி."

"நானும் சொன்னேன் தம்பி. மோசமா ஆடிட்டிருக்கறவன் சமம் கேக்கறது மரியாதை இல்லையாம். ஜெயிக்கறவன்தான் கேக்கணுமாம். தினமும் உங்க மெசேஜ் வந்ததும், நகர்வு மட்டும்தானா, வேற ஏதாவது எழுதியிருக்கானான்னு கேப்பார்."

தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அண்ணி அழுதது அதற்குப் பிறகுதான்.