ஐம்பதாம் கதவு

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே நம்பர் போட்டா, தபால்காரர் எந்த வீட்டுக்குப் போவார், பாபா?"

ஏழு வயதில் அரீஜ் கேட்டது. துனிசியாவின் பிஸெர்த் துறைமுகத்தை ஒட்டிய தியேட்டரின் விளக்கறையில், அப்பா ஷெத்லி தன் லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிளை விளக்குப் பலகையில் செருகிக்கொண்டிருந்தார். மேடையின் அத்தனை விளக்குகளையும் ஆட்டிவைக்கும் பலகை அது. இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் ஒரே தெருவில் இருக்க வேண்டும், ஆளுக்கொரு கதவு எண் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஹெதி சித்தப்பாதான் பதில் சொன்னார்.

"ரெண்டு வீட்டுக்கும் போகமாட்டாரும்மா. வண்டியைத் திருப்பிக்கிட்டு காப்பி குடிக்கப் போயிடுவார்."

அந்த ஹெதிதான் இன்று இறந்துபோன அப்பாவின் உடலைக் குளிப்பாட்டினார். சட்டைக் கைகள் நனைந்தபடி சமையலறை வாசலில் வந்து நின்று, பக்கத்து வீட்டார் கொடுத்த ரொட்டியை உம்மாவிடம் நீட்டினார்.

"கொஞ்சமாவது சாப்பிடு, மச்சி. அரீஜ், நீயும்தான்."

"வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு இனி யாரு விளக்குப் போடுவாங்க?" என்று உம்மா கேட்டாள். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"துனிஸ்லேர்ந்து யாரையோ கூப்பிடப் போறாங்களாம். நான் ஏணில ஏறி விளக்கு மாட்டற ஆளு. கம்ப்யூட்டர் என் கை பட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குது. அதுவுமில்லாம அண்ணன் நாற்காலில உக்காந்தா என் கால் தரையில எட்டாது. ஏறதுக்கே ஒரு ஏணி வேணும்."

உம்மாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. காலையிலிருந்து அதுதான் முதல் தடவை. அரீஜ் ரொட்டியைப் பார்த்தபடியே நின்றாள். ஹெதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு நாடகத்துக்கு ஹெதியே விளக்கு அமைக்கட்டும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். எந்தக் காட்சிக்கு எந்த விளக்கு என்று ஹெதி வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் லேப்டாப்பில் எழுதிக்கொண்டு வந்தார். ஒத்திகை நாளில் அவருடைய லேப்டாப் பலகையோடு சேரவே இல்லை. சேர்ந்தது போலிருக்கும், அறுந்துபோகும். டைரக்டர் பொறுமை இழந்து, "ஷெத்லி, நீயே போடு" என்றார்.

"அவன் லேப்டாப்புக்கு ஐம்பதுன்னு நம்பர் கொடுத்தேன். விளக்கறையில மெஷின் அடுக்கற ராக்கு மேல ஒரு சின்னப் பெட்டி... அதையும் பலகையோட சேர்த்து, அதுக்கும் ஐம்பதுதான் போட்டு வெச்சேன். ஸ்கிரீன்ல எச்சரிக்கை வந்துது. என்கிட்டதான் காட்டினான். 'உன் மெஷின் பழசு, அப்படித்தான் வரும்'னு சொன்னேன். நம்பிட்டான்."

"பாபா..."

"அந்தப் பெட்டியை எடுத்துடு. என் மேல மண்ணு விழறதுக்கு முன்னாடி."

"அவர்கிட்ட சொல்லட்டுமா?"

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விடியல் தொழுகைக்கு அழைப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தெருவில் இறக்கி வைத்தார்கள். அரீஜ் மாடி ஜன்னலில் நின்றாள். இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஷெத்லி யாருக்காவது ஏதாவது பாக்கி வெச்சிருந்தா இப்பவே சொல்லுங்க, பிள்ளைங்க கொடுப்பாங்க. இல்லேன்னா மன்னிச்சு விட்டுடுங்க."

பாலத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. சந்தூக்கின் முன்கட்டையைப் பிடிக்க நுனிக்காலில் நின்ற ஹெதி சொன்னார்:

"எனக்கு ஒரு பாக்கியும் இல்ல. இருந்தாலும் விட்டுட்டேன். அல்லாஹ் சாட்சி."

அவர் விட்டுவிட்டார், என்னவென்று தெரியாமலேயே. அதனால் கடன் தீர்ந்துவிடுமா? தெரிந்தவள் இங்கே நிற்கிறாளே.

அண்ணன் மாஹெரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள், மையவாடியில் நடப்பதை மெசேஜ் போடச் சொல்லி. ஆண்கள் தெருமுனை திரும்பியதும், அப்பாவின் கோட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அத்தை மறித்தாள்.

"இந்த நேரத்துல எங்கடி போற? ஊரு என்ன சொல்லும்?"

"பாபா ஒரு வேலை சொல்லியிருக்கார்."

"செத்தவர் என்ன வேலை சொல்வார்?"

உம்மா தலை தூக்கி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடு, போயிட்டு வரட்டும்" என்றாள்.

தியேட்டரில் காவலாளிகூட இல்லை. அவரும் அடக்கத்துக்குப் போயிருந்தார். விளக்கறையில் அப்பாவின் நாற்காலி இருந்த உயரத்திலேயே இருந்தது. மேசை இழுப்பறையில், வண்ணத்தாள்களுக்கு அடியில், அந்த ஒத்திகை நாளில் ஹெதி விட்டுப்போன லேப்டாப் கிடந்தது. மூடியில் அவர் பேரன் ஒட்டிய மீன் படம். அதைத் திறந்து, மின்சாரம் கொடுத்து, கேபிளைப் பலகையில் செருகினாள். திரையில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் வந்தது. இதே எண் இன்னொரு கருவியிடம் இருக்கிறது என்று பிரெஞ்சில் ஒரு வரி.

போன் அதிர்ந்தது. *மையவாடிக்கு வந்துட்டோம்.*

ராக்கின் மேல் எட்டிக் கையால் துழாவினாள். விரலெல்லாம் தூசி. மூலையில் பெட்டி கிடைத்தது. பச்சைப் பொட்டு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் விரல்கனத்துக்குத் தூசி இருக்க, பெட்டியின் மேல் மட்டும் இல்லை. எத்தனை தடவை எடுக்கப்போய் எடுக்காமல் திரும்பினாரோ.

அதன் கம்பியைப் பிடுங்கினாள். பொட்டு அணைந்தது. ஓடிவந்து பார்த்தாள். முக்கோணம் அப்படியே இருந்தது.

*இறக்கியாச்சு* என்றது போன்.

எண்ணைச் சரிபார்த்தாள். தெரு சரி, கதவு சரி. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள். "யா ரப்பி" என்றாள், ஒருமுறைதான். காத்திருந்தாள். முக்கோணம் ஒரு கணம் தங்கியது. பிறகு போய்விட்டது. பலகையின் பெயர் திரையில் வந்து நின்றது. அறுந்துபோகவில்லை.

திரையில் ஒரே ஒரு கோப்பு, மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியோடு. அதன் முதல் வரியை அழுத்தினாள்.

ஆளில்லாத மேடையின் பின்புறம் மெல்ல நீலம் ஏறியது. அதற்கடியில், மீன்பிடிப் படகுகள் திரும்பும் நேரத்துக் கடலோரம் போல, மஞ்சள் ஒரு கோடாய்ப் பரவியது. அவசரமே இல்லாத விடியல். ஏணியில் ஏறி இறங்கிய மனிதர் மனத்துக்குள் இதை வைத்துக்கொண்டுதான் ஏறி இறங்கியிருக்கிறார். அது முழுதாக விடியும்வரை அரீஜ் நின்று பார்த்தாள்.

போன் கடைசியாக அதிர்ந்தது. *மண் போட்டாச்சு. ஹெதி சித்தப்பாதான் முதல் பிடி போட்டார்.*

விளக்குகளை இறக்கினாள். பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். லேப்டாப்பை இழுப்பறையில் திருப்பி வைக்கவில்லை. கேபிள் செருகியபடியே மேசை நடுவில், மீன் படம் தெரியும்படி மூடி வைத்தாள்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துப் பிடியை இழுத்தாள். அது ஒரு பெருமூச்சோடு கீழே இறங்கியது. தன் பாதங்கள் தரையில் முழுதாகப் பதிந்த பிறகும் இன்னும் இரண்டு விரல் இறக்கினாள். எழுந்து, விளக்கை அணைத்தாள்.