ரெண்டு ஆள், ஒன்றரை டன்

என் அப்பா ஜெயசிங் இருபத்திரண்டு வருடமாகக் குவைத்தில் ஏசி மெக்கானிக். பள்ளிவாசல், பல் ஆசுபத்திரி, ஒரு பணக்காரர் வீட்டுப் பருந்துக் கூண்டு என்று அந்த நாட்டில் அவர் குளிர வைக்காத இடம் குறைவு. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது.

கருங்கலுக்குப் பக்கத்தில் நாலு படுக்கையறையும் ஐந்து குளியலறையுமாக அவர் கட்டிய வீடு இது. தற்போதைய மக்கள்தொகை ஒன்று. அந்த ஒன்று நான்தான், ஜெரிஷ், கல்லூரியில் மூன்றாம் வருடம். குழாய்கள் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காகக் குளியலறைகளில் முறை வைத்துக் குளிக்கிறேன். புதன்கிழமை மாடிக் குளியலறை.

அம்மா இருந்தவரை மக்கள்தொகை இரண்டு. ஐந்து வருடம் முன்பு அம்மாவை அடக்கம் செய்ய அப்பா வந்தார். பத்து நாள் இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு முறை லீவு கிடைத்து இரண்டு முறையும் ரத்தாகிப் போய்விட்டது.

போன பிப்ரவரியில் கூப்பிட்டார்.

"மக்கா, ஏப்ரல்ல கேன்சல் அடிச்சிட்டு வாறேன்."

வளைகுடா வீடுகளில் கேன்சல் நல்ல வார்த்தை. விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவது. இதைச் சொன்னவன் வீட்டில் அன்று கோழிக்கறி வைப்பார்கள். நான் முட்டை பொரித்தேன்.

"அதுக்கு முன்ன எனக்க ரூம்ல ஒரு ஏசி மாட்டிப் போடணும். அந்தச் சத்தம் இல்லாம எனக்கு ஒறக்கம் வராது, கேட்டியா."

"அப்ப எனக்கு?"

"நீயும் அங்கதான் கெடக்கணும். என்னத்துக்கு ஆளுக்கொரு ஏசி?"

"நீங்க குறட்டை விடுவியளே."

"நானா?" உண்மையிலேயே அதிர்ந்துவிட்டார். "இங்க எட்டு பேரு கெடக்கோம். யாரு விடுதான்னு இதுவரை கண்டுபிடிக்க முடியல."

"அஞ்சு வருசம் முன்ன பத்து நாளும் நீங்கதான் விட்டீங்க."

சலித்துக்கொள்வதுபோல ஒரு பெருமூச்சும் விட்டேன், அவருக்குக் கேட்கட்டும் என்று. போனை வைத்ததும் அவர் அறைக்குப் போய் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். வாங்கிய நாளிலிருந்து அந்த மெத்தை மூச்சு விட்டதில்லை.

கருங்கல் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஏசி கடையில் சபிதா அக்கா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். நான் பார்த்த பல நேர்முகத் தேர்வுகளைவிடக் கறாரானது அது.

"ரூம் அளவு?"

"பதினாலுக்குப் பதினாலு."

"மேல மாடி உண்டா, மொட்டை வெயிலா?"

"மாடி உண்டு."

"சன்னல்?"

"மேற்கால. ஆனா பக்கத்துல செல்வன் மாமாவுக்க ரப்பர் மரம் மறைச்சிருக்கு."

"ரூமுக்குள்ள சூடு தர்ற சாமானம்? டிவி, கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ்?"

"ஒண்ணும் இல்ல."

"எத்தனை பேரு கெடப்பிய?"

"ரெண்டு."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கல்யாணமா தம்பி?"

"அப்பா வாறாரு."

"அது கொள்ளாம், நல்ல காரியம். அப்ப ஒன்றரை டன், இன்வெர்ட்டர். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாத. அதுக்குக் கீழ ஒரு நம்பர் போட்டிருப்பான் பாரு, அது எவ்வளவு கூடுதலோ கரண்டு அவ்வளவு கம்மி. எந்த வருசத்து ஸ்டிக்கர்னும் பாத்துக்கோ. பழைய அஞ்சு, புது நாலுதான்."

ஆள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 2 என்று எழுதினாள். நான் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "ஒன்றரையா? ரெண்டு டன் எடு."

இங்கே ஆரம்பித்த சண்டை ஒரு மாதம் ஓடியது. அப்பாவின் தரப்பு எளிமையானது. அவர் தங்கியிருக்கும் கேம்ப்பில் ரெண்டு டன், அவர் மாட்டிய கடைகளில் ரெண்டு டன், எனவே மனிதனுக்கு ரெண்டு டன். வெயில் ஐம்பது டிகிரி அடிக்கும் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே எட்டு பேரில் ஒருவராகப் படுத்துக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டார். நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார். கரண்டு பில்லைக் கம்பெனி கட்டும் இடத்தில் நட்சத்திரம் பார்ப்பவன் ஜோசியன் மட்டும்தான்.

"ரூமைக் காட்டுலே," என்றார் வீடியோ காலில்.

கையில் போனை ஏந்திக்கொண்டு சுவர் சுவராக நடந்தேன். வீட்டுக்கு விலை பேச வந்தவருக்குக் காட்டுவதுபோல இருந்தது.

"அந்த மேற்குச் சன்னல்தான் பிரச்சினை. மூணு மணிக்கு மேல வெயில் நேரா கட்டில்ல விழும். எனக்குத் தெரியாதா?"

"விழாதுப்பா. ரப்பர் நிக்குல்லா."

"அது கன்னுல்லா?"

சன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினேன். செல்வன் மாமாவின் ரப்பர் மரங்கள் மாடிவரை வளர்ந்து, வானத்தைப் பெரும்பாலும் மறைத்து நின்றன.

நெட் போய்விட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினேன்.

"இந்த மழைக்குப் பொறவு பால் வெட்டப் போறாவ," என்றேன்.

"ம்."

வெயில் விஷயத்தில் தோற்றதும் பழையபடி ரெண்டு டன்னில் வந்து நின்றார். "பெருசா இருந்தா என்ன கேடு? சட்டுன்னு குளிரும்."

"அதுதான் கேடு. அங்க வறண்ட காத்து. இங்க காத்துலயே வெள்ளம்லா கெடக்கு. பெரிய மெஷின்னா சட்டுன்னு குளிர வச்சிட்டு அடங்கிரும். ஈரத்தை உறிஞ்ச அதுக்கு நேரம் கிட்டாது. நனைஞ்ச கோழி மாதிரி கெடந்து நடுங்கணும்."

"யாரு சொன்னா?"

"கடையில சபிதா அக்கா."

"அவ எத்தனை ஏசி மாட்டியிருக்கா?"

"அவ இந்த ஊர்ல இருந்திருக்கா."

நான் ஈரப்பதத்தை மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தபோது அது வேறு எதையோ சொல்வதுபோல இருந்தது. அப்பா, வேலை இருக்கு என்று வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். நிம்மதியாக இருந்தது.

அதுவரை நாங்கள் பேசியதெல்லாம் சாப்பிட்டியா, கோயிலுக்குப் போனியா, கரண்டு இருக்கா. மூன்றுக்கும் ஆம் என்றால் கால் முடிந்துவிடும். இப்போது தினமும் ஒரு மணிநேரம். ஒரு கட்டத்தில் அவர் ஒன்றரை டன்னுக்கு இறங்கி வந்துவிடுவார் போலத் தெரிந்தது. உடனே நான் ஏசிக்குள் இருக்கும் சுருள்குழாய் செம்பா அலுமினியமா என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். உப்புக் காற்றுக்குச் செம்பு என்று எனக்குத் தெரியும். அவர் உற்சாகமாக மூன்று நாள் விளக்கினார். அதன்பிறகு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்டேன். அது நாலு நாள்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள். வழக்கத்தைவிட முன்னதாகவே கூப்பிட்டார்.

"மக்கா, ஒரு டன் போதும்."

ஒன்றரைக்கு அல்லவா வாதாடிக்கொண்டிருந்தேன். நான் கேட்டதற்கும் கீழே போய்விட்டார்.

"உனக்க ரூம்ல மாட்டு. பத்துக்குப் பத்து. மேல மாடி இருக்கு, வெயில் இல்ல, ஒரு ஆளு. ஒரு டன் தாராளம்."

ஒரு மாதத்தில் அவர் போட்ட முதல் சரியான கணக்கு அது. திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"கம்பெனிக்குப் புது காண்ட்ராக்ட் கிட்டியிருக்கு," என்றார் பிறகு. "பழைய ஆளுவ இன்னும் ஒரு வருசம் நிக்கணும்ணு சொல்லுதாவ."

"சரிப்பா."

"ஒரு வருசம்தான்."

"ஒன்றரையே எடுப்போம். உங்க ரூம்லயே மாட்டுவோம். நான் அங்க கெடந்துக்கிடுதேன்."

"ஒரு ஆளுக்காக அவ்வளவு பெரிய ரூமைக் குளிர வைக்கியா? கரண்டு வேஸ்ட். நீதானே சொன்ன, சரியான அளவு வேணும்ணு."

நான்தான் சொன்னேன். சாட்சிக்குச் சபிதா அக்காவும் இருக்கிறாள்.

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவள் பழைய தாளை எடுத்து 2 என்பதை அடிக்கப் போனாள். பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்தாள். கேள்விகளை மெதுவாகக் கேட்டாள். ஆள் எண்ணிக்கையைக் கேட்கவில்லை, அவளே எழுதிக்கொண்டாள். சூடு தரும் சாமானம் என்றதற்கு இந்த முறையும் ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை மாட்ட வந்தவர் கடற்கரைப் பக்கம் இனயம் ஊர்க்காரர், சிலுவைதாசன். அப்பா வீடியோவில் மேற்பார்வை.

"பைப்பு வெளிய பாத்துச் சரியணும். இல்லன்னா வெள்ளம் உள்ள வடியும்."

"சரியுதுதான் அண்ணாச்சி."

"மட்டம் வச்சுப் பாத்தீரா?"

சிலுவைதாசன் என் பக்கம் திரும்பி, "உனக்க அப்பாவைக் கொஞ்சம் கமத்தி வை தம்பி, கையி விறைக்குது," என்றார். அப்பாவைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். அங்கிருந்தும் உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன.

மத்தியானம் சிலுவைதாசன் போனபின் கதவைச் சாத்தினேன். இயந்திரம் கொஞ்ச நேரம் மும்முரமாக ஓடிவிட்டு, வேலை அதிகமில்லை என்று புரிந்துகொண்டு தணிந்த முனகலுக்கு வந்தது. சன்னலுக்கு வெளியே குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஈரத்தை ஒழுங்காக உறிஞ்சுகிறது. மிகச் சரியான அளவு.

"சத்தத்தைக் கேக்கட்டு. போனைக் கிட்ட கொண்டு போ."

நாற்காலி மேல் ஏறிப் பிடித்தேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்ல மெஷின். சத்தமே இல்ல."

"பொறவு எப்பிடி ஒறக்கம் வரும்?"

"உனக்கு வரும்லா." தன் கட்டிலில் சாய்ந்தார். கூட இருக்கும் ஏழு பேரும் வெள்ளிக்கிழமை ஆராதனைக்கும் கடைக்குமாகப் போயிருந்தார்கள். அவர் தலைக்குமேல் ஏதோ லாரி கிளம்புவதுபோல அந்த ரெண்டு டன் ஓடிக்கொண்டிருந்தது. "வைக்காத மக்கா. செத்த நேரம் கெடக்கட்டு."

நானும் படுத்தேன். ஸ்டெபிலைசர் பற்றி இன்னொரு சந்தேகம் கேட்கலாமென்று வாயெடுத்தபோது குறட்டை ஆரம்பித்துவிட்டது. எட்டு பேரில் யார் என்பது இனி ரகசியமில்லை. ரெக்கார்டு செய்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன், செய்யவில்லை.

ஒரு மணிநேரத்துக்குமேல் கால் ஓடியதில் போன் கையைச் சுட்டது. சபிதா அக்காவின் தாளில் இந்தச் சூடு வரவில்லை. போனைத் தலையணையின் மறுபாதியில் வைத்துச் சார்ஜரைக் குத்தினேன். பிறகு ரிமோட்டை எடுத்து இருபத்தாறை இருபத்தைந்து ஆக்கினேன்.