சட்டி தீயாமலிருக்க ஒரு பஸ்ஸர்

போன மார்ச்சில் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் பெரிய சட்டி அடிப்பிடித்துக் கருகியதற்குக் கிளெம் போல்டுக்கின் காதுதான் காரணம் என்று அவன் மனைவி வெர்னா முடிவு கட்டிவிட்டாள். சாறு வற்றுகிறது என்று அவள் கத்தியும் விறகுக் குவியல் பக்கம் இருந்த அவனிடமிருந்து பதிலே வரவில்லையாம். “வரேன், அதுக்குள்ள சாறு வர்ற குழாயைத் திறந்துவிடு”ன்னு கத்தினேனே என்று கிளெம் சத்தியம் செய்து பார்த்தான். நாற்பது வருஷக் குடித்தனத்தில் மேல்முறையீடு ஏது? இந்த வருஷம் சாறு வற்றினால் ஊதும் ஒரு கருவி வேண்டும், அது அவன் காதில் விழவும் வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சும் கொட்டகையில் அடுப்பு மூட்டக் கூடாது என்றாள். வெர்மான்டில் அடுப்பு மூட்டாத ஒரு மார்ச்சை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

கருவி செய்தான். சட்டியில் மிதவை இறங்கினால், மைக்ரோகன்ட்ரோலர் என்ற பிஸ்கட் அளவுக் குட்டிக் கணினிக்குத் தெரியும். பஸ்ஸரை ஊதவைக்க அதற்குத் தெம்பு போதாது. அதனால் நடுவில் மூன்று கால் டிரான்சிஸ்டர் ஒன்று நின்று மின்சாரத்தைத் திறந்துவிடும். எல்லாம் மின்சுற்றுப் படத்தில் உள்ளபடியே ஈயம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. மிதவையை அழுத்தினான். கொசு முனகுவது போலக் கேட்டது.

“கேக்குதா வெர்னா?”

“எனக்கே ஒண்ணும் கேக்கல. உன் செவிட்டுக் காதுல எங்க விழப்போகுது?”

சத்தமே இவ்வளவுதானா, தன் காதுதான் இவ்வளவா? காதை நம்ப முடியாது, மீட்டரை நம்பலாம். மைக்ரோகன்ட்ரோலர் ஒழுங்காகத்தான் சைகை கொடுத்தது. ஆனால் பஸ்ஸரில் ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஒன்றரைதான் வந்தது. அப்படியானால் நடுவில் நிற்பவன்தான் திருடன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். படத்திலிருந்த அதே எண்தான், ஆனால் முன்னால் ஒரு ‘P’ கூடுதலாக இருந்தது. அந்த ஒற்றை எழுத்துக்காக ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறியிருக்குமாம். இத்தனை நேரம் தலைகீழாக நின்றுகொண்டு அரைகுறையாக வேலை பார்த்திருக்கிறது. கழற்றித் திருப்பிப் பற்றவைத்தான்.

மிதவையை அழுத்தியதும் கொட்டகையே அதிர்ந்தது. படுத்திருந்த நாய் எழுந்து பனியில் ஓடிவிட்டது. பார்த்தியா என்று கேட்கக் கிளெம் வாயைத் திறந்தான்.

வெர்னா ஐந்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு வடிகட்டித் துணியை அலசிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அழுத்தினான். அப்போதும் அவள் திரும்பவில்லை.

போன வருஷம் அவன் கத்திய பதில் எங்கே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்து, சட்டிக்கு நேர் மேலே ஒரு சிவப்பு விளக்கு தொங்கியது. மிதவையை அழுத்தினால் அதுவும் சேர்ந்து எரிந்தது.

“இது எதுக்கு?” என்றாள் வெர்னா.

அவள் முகத்துக்கு நேராக நின்று சொன்னான். “எனக்குத்தான். நீ சொன்னது சரி, காது மந்தமாயிடுச்சு. டாக்டர்கிட்ட காட்டணும். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு, நீயும் கூட வந்து ஒரு டெஸ்ட் எடுத்துக்க.”

“இத ஒத்துக்க ஒரு வருஷமா உனக்கு?” என்று சொல்லி, தீப்பெட்டியை அவன் கையில் வைத்தாள்.