முதல் பானை

அன்று காலை தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் அடுப்படியில் இருந்தவர்கள்: பழைய கங்காணி திருச்செல்வம், அவர் மனைவி பரமேஸ்வரி, கட்டுப்போட்ட காலோடு மகன் செல்வராஜு, லோரிக்காரர் சுப்பன், அவர் மனைவி காளியம்மா, கொழுந்து பறிக்கும் சாரதா, பூசாரி சின்னக்கருப்பன். வேலிக்கு வெளியே, வெல்லமும் முந்திரியும் கொண்டுவந்த ரிங்லெட் டவுன் கடைக்காரர் பஷீர். அவ்வளவுதான். நானும் இருந்தேன் என்று வேறு யாராவது சொன்னால், அவர் பொங்கல் இறக்கிய பிறகு வந்தவர்.

திருவிழாவின் முதல் பானை கங்காணி வீட்டுப் பானை. திருச்செல்வத்தின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அரிசி அவர் வீட்டிலிருந்து வர வேண்டும். அவர் வீட்டுப் பானை பொங்கின பிறகுதான் மற்ற பானைகள் அடுப்பேறும். ஒரு வருஷம் தவறினால் அந்த உரிமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு சுப்பன் வீடு. சுப்பன் பாவம், வாயில்லாத மனிதர். காளியம்மாவுக்கு இரண்டு பேருக்குப் போதுமான வாய்.

அந்த வருஷம், அதாவது எண்பத்து மூன்றில், கங்காணி வீட்டில் அரிசி இருந்தது. வந்த வழிதான் சரியில்லை. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றும்போது செல்வராஜு வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. ஆறு மாதம் வேலையில்லை. தானா ராத்தாவில் ஓர் உதவிச் சங்கம் மாதம் ஒரு மூட்டை கொடுத்தது: அரிசி, இரண்டு சார்டின் டின், ஒரு பால் டின், குளிக்க ஒரு கட்டி சிவப்புச் சவர்க்காரம். எல்லாவற்றையும் நீலக்கோடு போட்ட ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருப்பார்கள்.

திருச்செல்வம் அந்தச் சாக்கோடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்துக்குள் நுழைந்ததே இல்லை. ரிங்லெட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பஷீர் கடையின் பின்வாசலில் அரிசியைக் கடைப் பையில் கொட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக நெஞ்சை நிமிர்த்தி வெளியே வருவார். பின்வாசலில் அதே நீலக்கோட்டுச் சாக்குகள் ஆளுயரத்துக்குக் கிடந்தன. பஷீர் சாக்கு வியாபாரமும் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இத்தனை பாடும் காளியம்மாவுக்காகத்தான். குழாயடியில் அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது: "ஓசி அரிசி வாங்கித் தின்னுட்டு அம்மனுக்கு முதல் பானை வைக்கிறதா? அப்படி ஒருத்தர் வச்சா நானே அடுப்ப அணைப்பேன்லா!"

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் பரமேஸ்வரி அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, சவுக்கார வாசம் போகவே மாட்டேங்குது."

"இன்னொரு தடவை களை."

"நாலு தடவை ஆச்சு. தண்ணி ஐஸா இருக்கு. விரலு என்னுதா, பக்கத்து வீட்டுக்காரியுதான்னு தெரியல."

"பஷீர்கிட்ட நல்ல அரிசி கடனா வாங்கலாமேப்பா," என்றான் செல்வராஜு.

"கடன் வாங்கிப் பொங்கினா அது பஷீர் வீட்டுப் பொங்கல்டா. நம்ம வீட்டுது ஆகாது."

திருச்செல்வமே ஒரு பிடி அரிசியை எடுத்து மூக்கருகே வைத்து இழுத்தார். "ஒரு வாசமும் இல்ல. போதும்."

நாற்பது வருஷமாக மூக்குப்பொடி போடுகிறவர் செய்த சோதனை அது. பரமேஸ்வரி அவரையும் பார்த்தாள், அவர் மூக்கையும் பார்த்தாள்.

காலையில் பானை பொங்கியது. சாதாரணமாகப் பொங்கவில்லை, நுரை நுரையாய், வெள்ளை வெளேரென்று நான்கு பக்கமும் வழிந்தது. சாரதா குலவையிட்டாள். "அம்மன் மனசு குளிர்ந்துட்டா! இப்படி ஒரு பொங்கு நான் பார்த்ததில்ல!" என்றார் பூசாரி. திருச்செல்வத்தின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

படையல் முடிந்து எல்லார் கையிலும் இலை. காளியம்மா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

"இது சங்கத்து அரிசியாச்சே! அந்தச் சிவப்புச் சவுக்காரத்த மூட்டைக்குள்ளயே போட்டுக் கட்டுவானுங்களே, அதே வாசம்!"

திருச்செல்வத்துக்கு வாயிலிருந்த பொங்கல் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அக்கா," என்றாள் சாரதா மெதுவாக, "சவுக்காரம் மூட்டைக்குள்ள இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சுப்பன் நிமிர்ந்தார். "என்ன கேள்விப்பட்ட? லோரி வேலை போனதிலிருந்து நம்ம வீட்டுலயும் அதானே. ஏழு தடவை களைன்னு நேத்துக்கூடச் சொன்னேனே!"

"ஏழா?" என்றாள் சாரதா. "எலுமிச்சந்தோல் போட்டா மூணே தடவையில..." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூசாரி தொண்டையைச் செருமினார். "பச்சைக் கற்பூரம் ஒரு துளி போட்டாலும் வாசம் தெரியாது."

காளியம்மாவின் முகம் அந்தச் சவர்க்காரக் கட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. வேலிக்கு வெளியிலிருந்து பஷீர் கைகொடுத்தார்: "கங்காணியார் பானையில இருக்கிறது என் கடை அரிசிலா. நான்தான் பையில கட்டிக் கொடுத்தேன்."

நல்ல மனிதர். அந்தக் கையைப் பிடித்திருந்தால் திருச்செல்வம் தப்பியிருப்பார். காளியம்மா மட்டும் நடுவில் நின்றிருப்பாள். ஒரு கணம் அந்த ஆசை அவருக்கு வரத்தான் செய்தது. ஆனால் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பஷீர் கடைப் பின்வாசலில் கிடந்த சாக்குகளின் கணக்கு அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

வாயிலிருந்ததை விழுங்கினார்.

"பை பஷீருது. அரிசி சங்கத்துது. என் மகன் கால் ஒடிஞ்சு கிடக்கான், அதுக்குக் கொடுத்தாங்க. நான் போய் வாங்கினேன். அம்மனுக்கு வச்சதும் அதையேதான். அணைக்கிறவங்க வந்து அடுப்ப அணைக்கலாம்."

யாரும் நகரவில்லை. எல்லாரும் காளியம்மாவைப் பார்த்தார்கள். அவள் அடுப்பைப் பார்த்தாள், அம்மனைப் பார்த்தாள், கடைசியில் பரமேஸ்வரியிடம் இலையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க, மதினி. முந்திரி உள்ள பக்கமா."

"வாய்க்குக் குறைச்சலில்ல," என்று பரமேஸ்வரி முந்திரி உள்ள பக்கமாகவே வைத்தாள்.

"அடுத்த மாசத்திலேருந்து எல்லாரும் முன்வாசல் வழியாவே வாங்க," என்றார் பஷீர். "பின்வாசல்ல சாக்கு வைக்க இடமில்ல."

அடுத்த மாதம் திருச்செல்வம் நீலக்கோட்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தின் நடுவழியாகவே நடந்து வந்தார். முதுகு வளையவில்லை. முதல் பானையும் வீடு மாறவில்லை.

அந்த வருஷம் கங்காணி வீட்டார் பொங்கல் பானைக்குள் சவர்க்காரக் கட்டியைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று தானா ராத்தா வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பானைக்குள் எந்தக் கட்டியும் விழவில்லை. அன்று விடியற்காலை செல்வராஜு அதைப் போட்டுத்தான் குளித்தான்.