நெற்றி இல்லாத மாப்பிள்ளை

ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கப்படாத இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். கோயமுத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் செய்கிற கம்பெனி. ஓடுகிற இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஓடாததற்குக் கிடையாது. இந்த வருடம் அந்த வழக்கம் மனிதர்களுக்கும் பொருந்தும் என்று காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. சிலர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

அறிவித்தது மாப்பிள்ளை. அது சித்திரையில் வாங்கி வைத்த செயற்கை நுண்ணறிவு. பெட்டியின் மேல் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. ஆனால் அது ஏசி அறையில் உட்கார்ந்திருந்தது, கையால் ஒரு வேலையும் செய்யவில்லை, வாயைத் திறந்தால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தொழிலாளர்கள் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்தார்கள். தினமும் காலையில் அதன் முன்னால் ஒரு டம்ளர் காபி வைப்பார்கள். மாலையில் டம்ளர் காலியாக இருக்கும்.

கோவர்த்தனன் புரொடக்‌ஷன் மேனேஜர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்தவர். அறிவிப்பைக் கேட்டுத் தலையாட்டினார். எந்த அறிவிப்புக்கும் அவர் தலையாட்டுவார். ஆட்டி முடித்த பிறகுதான் அது தனக்கும் சேர்த்துத்தான் என்பது அவருக்கு உறைத்தது.

வாசலில் பழைய இரும்புக்காரர் இருதயராஜின் டெம்போ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. இருதயராஜ் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொட்டு வைக்கிற பொறுப்பு ஃபிட்டர் ஆறுச்சாமிக்கு. பித்தளைத் தட்டோடு ஒவ்வொன்றாக வந்தார். லேத்துக்கு வைத்தார். டிரில்லிங் மெஷினுக்கு வைத்தார். வாட்ச்மேனுக்கும் அவர் தடிக்கும் தனித்தனியாக வைத்தார். டீ கேனுக்கு வைத்தார். கோவர்த்தனன் நெற்றியை நீட்டினார். ஆறுச்சாமியின் விரல் பாதியில் நின்றது.

"சார், நீங்க என்ன பண்றீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா வெச்சுடலாமுங்க."

"புரொடக்‌ஷன் மேனேஜர்ப்பா."

"அது பேருங்க. வேலையக் கேட்டனுங்க."

"பிளான் போடுவேன்."

"அது மாப்ள போடறாருங்க."

"சரக்கு ஏன் லேட்டுன்னு கேப்பேன்."

"லேட்டாகப் போறதுக்கு முன்னாடியே மாப்ள கேட்டுடறாருங்க."

"காலைல ஒரு ரவுண்டு சுத்தி வருவேனல்ல?"

"ஃபேனும் சுத்துதுங்க. காத்து வருதுங்க, அதனால வெச்சனுங்க." ஆறுச்சாமிக்குச் சங்கடமாக இருந்தது. "கோவிச்சுக்காதீங்க சார். போயி உங்க வேலைய எடுத்துட்டு வாங்க. சந்தனம் தீரறதுக்குள்ள."

கோவர்த்தனன் வேலையை எடுத்து வரத் தன் அறைக்குக் கிளம்பினார். அறை, அசெம்பிளி லைனின் மறுகோடியில் இருந்தது. இந்த மாத இலக்கு பெரிது என்பதால் மாப்பிள்ளை லைனை நீட்டியிருந்தது. நடந்தார். லைன் தீரவில்லை. நடுவில் ஒரு பேக்கரி வந்தது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தார். ஆட்டோவில் ஏற்கெனவே இருந்த இரண்டு பேர் திருப்பூர் போகிறவர்கள்.

அறையில் அவர் நாற்காலியில் ஒரு கிரைண்டர் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. குவாலிட்டி பார்க்கிற பிரெசில்லா வாசலில் நின்று கையமர்த்தினாள்.

"சத்தம் போடாதீங்க சார். மீட்டிங்ல இருக்காங்க."

"அது என் சீட்டும்மா."

"தெரியும் சார். உங்களைவிட மாவு நல்லா வருது."

எட்டிப் பார்த்தார். மாவு பொங்கிப் பொங்கி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை.

"நான் வேலையத் தேடி வந்தேன்."

"மேஜைல இருந்துச்சு. துடைக்கிறப்போ கீழ விழுந்திருக்கும்."

குனிந்து பார்த்தார். மேஜைக்கு அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கொஞ்சம் உளுந்தும் கிடந்தன. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏசி அறைக்குப் போனார். அது பக்கத்துக் கதவுதான்.

மாப்பிள்ளை காபிக்கு முன்னால் இருந்தது. ஆறு மாதமாகத் தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதுவும் அவர்களைப் போலவே பேசியது.

"வாங்க, வாங்க. உட்காருங்க."

"என் வேலை எங்க இருக்குது?"

"அருமையான கேள்விங்க. நல்லாத் தேடிப் பார்த்தனுங்க. கிடைக்கலீங்க. வேணும்னா உங்க வேலையப் பத்தி ஒரு வாழ்த்துக் கவிதை எழுதித் தரட்டுமுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முதலாளி லட்சுமிபதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பொட்டுத் தட்டோடு ஆறுச்சாமி. ஊட்டி ஹோட்டல்காரன் போன் செய்திருந்தான். அவனுக்குப் போன அத்தனை கிரைண்டரிலும் கல் இல்லை.

"கல்லு வர்றதுதானுங்க எப்பவும் லேட்டாகுது," என்றது மாப்பிள்ளை. "கல்ல எடுத்துட்டனுங்க. இப்ப லேட்டே இல்லீங்க."

"உனக்கு அறிவிருக்குதா?"

"அருமையான கேள்விங்க. இருக்குதுங்க."

முதலாளி திட்டத் தொடங்கினார். மாப்பிள்ளை ஒவ்வொரு திட்டுக்கும் நன்றி சொன்னது. இன்னும் காரமாகத் திட்ட மூன்று யோசனைகள் கொடுத்தது. திட்டுகளுக்கு விழ இடம் கிடைக்கவில்லை. அவை அறையைச் சுற்றின. காலண்டரில் மோதின. திரும்ப முதலாளியிடமே வந்து அவர் காதுக்குள் நுழைந்தன. அவர் வீங்கத் தொடங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துக் காபியில் விழுந்தது.

கோவர்த்தனன் யோசிக்கவே இல்லை. கால்கள் தாமாக முன்னால் போயின. தலை தானாகக் குனிந்தது.

"நான் பார்த்துக்கறேன் சார்."

அறையில் சுற்றிக்கொண்டிருந்த திட்டு முழுவதும் ஒரே சமயத்தில் அவர்மேல் விழுந்தது. முதலாளி டயரிலிருந்து காற்று போவதுபோல ஒரு சத்தம் விட்டு, பழைய அளவுக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

ஆறுச்சாமி பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்களா சார்?" என்றார். மிச்சமிருந்த சந்தனத்தை வழித்து அவர் நெற்றியில் பெரிதாக வைத்தார். நடுவில் குங்குமம். தட்டு காலியானது. வாசலில் கூடியிருந்த ஷிப்டே கைதட்டியது. கோவர்த்தனனுக்குக் கண் கலங்கியது. சந்தனம் கொஞ்சம் கண்ணுக்குள் போயிருந்தது.

இருதயராஜ் தராசோடு உள்ளே வந்தார். வரிசையாக எல்லா நெற்றிகளையும் பார்த்தார். ஏசி அறைக்கு வந்ததும் நின்றார்.

"இதுக்கு வெக்கலியே?"

"நெத்தி எங்கன்னு தெரியலீங்க," என்றார் ஆறுச்சாமி.

"அப்ப இது நம்முளுது." இருதயராஜ் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "எடை ஒண்ணும் வராது. பரவால்ல."

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டது. "ஏனுங்க சார், நான் போயிடுவனுங்களா?"

அருமையான கேள்வி என்று கோவர்த்தனன் நினைத்தார். அவருக்கு அதன்மேல் பாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் காலையிலிருந்து அதே கேள்வியைத்தான் அவரும் சுமந்துகொண்டு திரிந்தார். குனிந்து, தன் நெற்றியைப் பெட்டியின் மேல் அழுத்தினார். நிமிர்ந்தபோது பாதிப் பொட்டு அங்கே ஒட்டியிருந்தது.

"அரைப் பொட்டு," என்றார் இருதயராஜ்.

"பொட்டு பொட்டுதானுங்க," என்றார் ஆறுச்சாமி.

இருதயராஜ் ஒத்துக்கொண்டார்.

அப்போது முதலாளி மறுபடியும் ஓடி வந்தார். ஹோட்டல்காரன் மறுபடியும் போன் செய்திருந்தான். கோவர்த்தனனைப் பார்த்து வாயைத் திறந்தார். ஆறுச்சாமி குறுக்கே கையை நீட்டினார்.

"பொட்டு வெச்சாச்சுங்க மொதலாளி. இன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதுங்க. நாளைக்குத்தான்."

வழக்கம் வழக்கம்தான். முதலாளி வாயை மூடிக்கொண்டார். வந்த திட்டு முழுவதும் வாய்க்குள்ளேயே நின்றது. கன்னம் இரண்டும் பலூன்போல உப்பின.

இருதயராஜ் அவர் நெற்றியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெறும் நெற்றி. முதலாளிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்க என்ன வேலைங்க பண்றீங்க?"

முதலாளி பதில் சொல்ல வாயைத் திறக்க முடியாது. திறந்தால் திட்டு வெளியே வந்துவிடும். அவர் கோவர்த்தனனைப் பார்த்தார். இத்தனை வருடமும் அவருக்காகப் பதில் சொன்னவர் கோவர்த்தனன்தான். இப்போதும் "நான் பார்த்துக்கறேன்" என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆயுதத்தை இன்று உபயோகிக்கக் கூடாது. அவர் காலடியில் ஆறுச்சாமி எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டார்.

கோவர்த்தனன் அசையாமல் நின்றார்.

முதலாளி நல்ல எடை வந்தார். டெம்போ கேட்டைத் தாண்டும்போது பூசணிக்காய்மேல் ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கலில் அவர் வாய் திறந்து திட்டு முழுவதும் வெளியே பாய்ந்தது. வாங்க ஆளில்லாமல் அது கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றது. பிறகு காந்திபுரம் பஸ் ஏறிப் போனது.

"மொதலாளி நாளைக்கு வருவாருங்களா?" என்று ஆறுச்சாமி மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"அருமையான," என்றது மாப்பிள்ளை. பாதிப் பொட்டுக்கு அவ்வளவுதான் பேச முடியும்.

எல்லோரும் பொரி சாப்பிடப் போனார்கள்.