நான்காம் எண்ணுக்கு முதல் பரிசு

1955 டிசம்பரில், பிரேசர் டவுன் கிறிஸ்துமஸ் சந்தையில் நடந்த வீட்டு ஒயின் போட்டிக்கு வெங்கடசாமியை நடுவராகக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்து ராணுவ மெஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் ஒயின் அறையைப் பார்த்துக்கொண்டவர். ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு வாய் ருசித்து, கெட்டதைத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. இப்போது ஓட்டலில் மேஜைக்குப் பரிமாறும் பேரர். நடுவர் என்று யாரும் அவரை அதுவரை அழைத்ததில்லை. இஸ்திரி போட்ட கோட்டுடன் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

ஆறு பாட்டில்கள். பெயர் தெரியாதபடி துணி சுற்றி, எண் ஒட்டியிருந்தார்கள்.

இரண்டாம் எண் கலங்கலாக இருந்தது. ஆனால் முகர்ந்ததுமே கறுப்புத் திராட்சை வாசனை. வாயில் நல்ல புளிப்பு, கடைசியில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. சர்க்கரையோ ஈஸ்டோ போடாமல் பழம் தானாகப் புளித்த ஒயின். நான்காம் எண் பளபளவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் ரம் வாடை. நாக்கில் கருக்கிய சர்க்கரை. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.

"முதல் பரிசு ரெண்டுக்கு. நாலுல திராட்சையே இல்ல ஸார்" என்றார், சந்தையை நடத்தும் சங்கத்தின் செயலாளர் ராஜேந்திரனிடம்.

ராஜேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "நாலு யாரோடதுன்னு தெரியுமா? பந்தல், லைட்டு, பேண்டு எல்லாம் அவர் உபயம். நாலுக்கே போட்டுடுங்க."

"அப்ப நான் எதுக்கு ஸார் ருசி பாக்கணும்?"

"மெஸ்ல பாட்டில் தொறந்தவன்தானே நீ? பேஜார் பண்ணாம கையெழுத்துப் போடு."

வெங்கடசாமிக்குக் காது சுட்டது. தாளில் 'இரண்டு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டுக் கூட்டத்தில் போய் நின்றார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி முழங்கியது: "நம்ம நடுவர் வெங்கடசாமி தேர்ந்தெடுத்தது, நான்காம் எண்!"

"பொய்!" வெங்கடசாமி மேடைக்கே ஏறிவிட்டார். "நான் எழுதினது ரெண்டு. தாளைக் காட்டுங்க! கப்பை யாருக்கு வேணும்னாலும் குடுங்க, எம்பேரைச் சொல்லிக் குடுக்காதீங்க!"

"தாளைக் காட்டுங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். ராஜேந்திரன் கை காட்ட, பேண்டு வாசிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பரிசுக் கோப்பை நான்காம் எண்காரர் கைக்குப் போனது.

கத்திய பெண் வெங்கடசாமியிடம் வந்தாள். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் நோரா. "ரெண்டு என்னோடதுதாண்ணே."

"பழத்தோலை ரெண்டு நாள் அதிகமா ஊற வெச்சுட்டீங்க சிஸ்டர். அதான் துவர்க்குது."

"உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். என்னையே குறை சொல்றீங்களா?"

"உள்ளதைத்தானே சொல்ல முடியும்?"

நோரா முறைத்தாள். பிறகு தன் பாட்டிலை வாங்கிவந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "துவர்க்கத்தான் செய்யுது" என்றாள் கோபமாகவே.

மறுநாள் காலை சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், போட்டி முடிவுக்குக் கீழே 'நடுவர்: வெங்கடசாமி' என்றிருந்தது. அவர் பேனாவைத் திறந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க, தன் பெயரைத் தாள் கிழியும்படி அடித்துவிட்டு ஓட்டலுக்கு நடந்தார்.