சங்கிலிப் பக்கம்

காலையில் பெரிய கப்பல் வந்து போனதும் துறைமுகத்து ஆள் ஒருவன் லூகாஸின் படகுக்கு முன்னால் ஒரு பார்சலை வைத்துவிட்டுப் போனான். பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கயிறு கட்டியிருந்தது. லூகாஸ் இரண்டு கையாலும் தூக்கினான். நினைத்ததைவிட லேசாக இருந்தது. சுக்கான் அறைக்குள் கொண்டுபோய்த் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

உள்ளே இருந்தது மரப்பெட்டி. மூடியில் அவன் மனைவி அந்தூசாவின் பெயர் செதுக்கியிருக்கும். அன்று சாயங்காலம் அவளுடைய எலும்புகளை அதில் வைக்க வேண்டும்.

அந்தக் கிரேக்கத் தீவில் கல்லறைக்கு இடம் போதாது. மலைச்சரிவில் ஒரு துண்டு நிலம், சுற்றிலும் சுவர், அவ்வளவுதான். புதைத்து மூன்று வருடம் ஆனால் தோண்டி எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் போட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு அறையில் அடுக்கிவிடுவார்கள். குழி அடுத்தவருக்குப் போகும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். லூகாஸே தன் அப்பாவுக்குச் செய்திருக்கிறான். மனைவிக்குச் செய்ய அவனுக்கு மனமில்லை. அது வருத்தமா, பயமா என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்று மட்டும் இருந்தது.

அன்றைக்குப் படகு எடுக்க வேண்டாம் என்று மாமியார் செவஸ்தி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் எடுத்தான். அந்தூசா போனதிலிருந்து சீசனில் அவன் ஒரு நாளும் விடுமுறை எடுத்ததில்லை.

சுற்றுலாப் பயணிகள் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு செவஸ்தி வந்தாள். கறுப்பு உடை. கையில் பை. பைக்குள் ஒயின் பாட்டிலின் கழுத்து தெரிந்தது.

"மாப்பிள்ளே, பெட்டி வந்திருச்சா?"

"வந்திருச்சு அத்தை."

"குடு. நானே தூக்கிட்டுப் போறேன்."

அவன் பெட்டியை எடுக்கக் குனிந்தான். அதற்குள் அவள் மனசை மாற்றிக்கொண்டாள்.

"வேண்டாம், விடு. உங்கிட்டயே இருக்கட்டும். பெட்டி இங்க இருந்தாத்தான் நீ அங்க வருவே."

"அத்தை, ஆளுங்க ஏறிக்கிட்டு இருக்காங்க."

"ஏறட்டும். சாயங்காலம் கோயில் மணி அடிக்கறதுக்குள்ள வந்துடு. அதுக்கப்புறம் பாதிரியாருக்கு ஒரு ஞானஸ்நானம் இருக்காம். அந்தக் குகை, இந்தக் குகைன்னு சுத்திக்கிட்டு இருக்காதே."

"சரி."

"சரின்னு சொல்லாதே. நீ எல்லாத்துக்கும் சரிதான் சொல்றே. வர்றேன்னு சொல்லு."

"வர்றேன்."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அர்கிரிஸ் சிரித்தான். அவன் செவஸ்தியின் மகன், அந்தூசாவின் தம்பி. படகில் சமையலும் அவன்தான், கயிறு பிடிப்பதும் அவன்தான். "கவலைப்படாதேம்மா. மச்சான் வர மாட்டேன்னா பெட்டிக்குள்ள போட்டு மூடித் தூக்கிட்டு வந்துடறேன்."

"வாயை மூடுடா கழுதை. அது உங்க அக்கா பெட்டி."

"அவ திட்ட மாட்டா. அவளுக்குக் கூட ஆள் அடைஞ்சு கெடந்தாத்தான் புடிக்கும்."

செவஸ்தி அவன் முதுகில் ஓர் அறை வைத்துவிட்டுப் போனாள்.

படகு கிளம்பியது. அந்தூசா இருந்தபோது பேசுவது அவள், ஓட்டுவது லூகாஸ். ஏதென்ஸில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து அப்பாவின் மீன்படகை அவன் உல்லாசப் படகாக மாற்றினான். அதில் ஏறுகிறவர்களைச் சிரிக்க வைத்தது அவள். இப்போது மைக் அர்கிரிஸின் கையில். அக்காவின் பழைய ஜோக்குகளைத்தான் சொல்வான். ஆனால் கடைசி வரியை முதலில் சொல்லிவிட்டு, "இருங்க, இருங்க" என்று திரும்ப ஆரம்பிப்பான். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவனே சிரித்துக்கொள்வான். லூகாஸ் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா நிழல் தேடிச் சுக்கான் அறைக்குள் வந்தாள். பெட்டியைக் காட்டி, "இதுமேல உக்காரலாமா?" என்று கேட்டாள்.

உட்காருங்கள் என்று லூகாஸ் கையைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். காகிதம் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தான். எதுவும் தோன்றவில்லை.

போனைத் திறந்து காற்று எப்படி என்று பார்த்தான். முன்பெல்லாம் போன் பார்க்க மாட்டான். ஒரு வசந்தத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தூசா ஏணியிலிருந்து விழுந்து முன்கை ஒடிந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அதிலிருந்து வடகாற்று கிளம்புவதற்கு முந்தின நாளே அவளுக்கு அந்தக் கை குடையும். "நாளைக்கு வேண்டாம் லூகாஸ், கை சொல்லுது" என்பாள். வானிலைக்காரர்கள் தப்பாகச் சொன்னதுண்டு, கை தப்பாகச் சொன்னதில்லை. மற்ற படகுக்காரர்கள்கூட ராத்திரி காப்பிக் கடையில் வந்து, "அந்தூசா, கை என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளைக் கொண்டுபோனது அந்தக் கை அல்ல. தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. அதை முன்கூட்டிச் சொல்ல உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை.

மதியம் ஆட்டுத்துறைக்கு வந்தார்கள். ஆள் இல்லாத குட்டித்தீவில் ஒரு விரிகுடா. எல்லாப் படகும் அங்கேதான் நிற்கும். குளியல், சாப்பாடு, பிறகு புறாக்குகை, பிறகு வீடு. கரையில் வெள்ளையடித்த பாறை ஒன்று உண்டு. அந்தப் பாறை வலது கைப்பக்கம் இருக்கும்படி நின்றுதான் நங்கூரம் விட வேண்டும். மறுபக்கம் அடியில் பழைய சங்கிலி கிடக்கிறது. போர்க் காலத்தில் யாரோ போட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு கண்ணியும் ஆள் தொடை பருமன். தீவில் படகு ஓட்டப் பழகுகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அதில் நங்கூரத்தை மாட்டிக்கொள்கிறவர்கள் வாடகைப் பாய்மரப் படகில் வரும் வெளியூர்க்காரர்கள்.

அர்கிரிஸ் பின்பக்கம் அடுப்பு மூட்டி இறைச்சிக் குச்சிகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். புகையில் அவனுக்குக் கண் தெரியவில்லை. லூகாஸ் படகை மெதுவாக்கினான். வெள்ளைப் பாறை இடது பக்கம் இருந்தது. இடது பக்கம் இருக்கிறது என்று பார்த்தான். நங்கூரப் பொத்தானை அழுத்தினான். கடகடவென்று இறங்கிப் போய் நின்றது.

அர்கிரிஸ் புகைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். பாறையைப் பார்த்தான். லூகாஸைப் பார்த்தான். பயணிகள் தண்ணீரில் குதித்துக் கூச்சல் போட்டார்கள். இறைச்சி கருகும் வாசனை வந்தது. அவன் அதைக் கவனிக்கப் போய்விட்டான்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஏறியதும் லூகாஸ் பொத்தானை மறுபடி அழுத்தினான். மோட்டார் முனகியது. படகின் மூக்கு தண்ணீரை நோக்கித் தாழ்ந்தது. மோட்டார் நின்றுவிட்டது.

அர்கிரிஸ் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சங்கிலிப் பக்கம் விட்டிருக்கே."

"ஆமா."

"தெரியாமயா?"

லூகாஸ் நங்கூரக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், எம் மூஞ்சியைப் பாரு. தெரியாமயா?"

"இல்லை."

கிளம்பிப் போய்க்கொண்டிருந்த இன்னொரு உல்லாசப் படகு பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. அதன் கேப்டன் யாக்கோவோஸ் வாயருகே கையைக் குவித்துக் கத்தினான். "என்ன லூகாஸ், சங்கிலியைப் பொண்ணு பாக்க வந்தியா? எங்க அப்பன் காலத்துலேர்ந்து அவ அங்கதான் படுத்திருக்கா, யாருக்கும் அசைஞ்சு குடுக்கலை!"

"போடா, உன் வேலையைப் பாத்துக்கிட்டு" என்று அர்கிரிஸ் கத்தினான். யாக்கோவோஸ் சிரித்துக்கொண்டே போனான். அந்தப் படகில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் கையசைத்தார்கள்.

அர்கிரிஸ் குரலைத் தாழ்த்தினான். "இங்கயே உக்காந்துக்கிட்டா மணி அடிச்சிரும், பாதிரியார் போயிருவாரு, எல்லாம் உனக்கில்லாம முடிஞ்சிரும்னு நெனச்சே. அதானே?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோ."

"அம்மாவைத் தெரியாதா உனக்கு? நீ வராம ஒரு பிடி மண்ணை எடுக்க விடுவாளா? குழி வெட்டற பாந்தெலிஸ் மண்வெட்டியை வெச்சானா, அந்த மண்வெட்டியாலயே அவனை அடிப்பா." கொஞ்சம் நின்று சொன்னான்: "எனக்கு மட்டும் ஆசையா மச்சான்? காலைலேர்ந்து ஒரு வாய் எறங்கலை எனக்கு. எங்க அக்கா அவ. உம் பொண்டாட்டி மட்டுமில்ல."

சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். "நான் எறங்கறேன்."

"வேண்டாம். நான் எறங்கறேன்" என்றான் லூகாஸ்.

தண்ணீருக்குள் சத்தம் இல்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கீழே போனான். காது வலித்தது. சங்கிலி மணலில் பாதி புதைந்து, பாசி படர்ந்து கிடந்தது. நங்கூரத்தின் ஒரு நகம் கண்ணிக்கு அடியில் போயிருந்தது. இழுத்தான். அசையவில்லை. மேலே படகின் அடிவயிறு தெரிந்தது. அவளும் அவனும் சேர்ந்து சிவப்புப் பெயின்ட் அடித்த அடிவயிறு. ஒவ்வொரு வருடமும் அதன்மேல் புதிதாக அடிக்கிறான், நிறத்தை மாற்றவில்லை. மூச்சு முட்டியது. மேலே போய்க் காற்றை இழுத்துக்கொண்டு திரும்ப வந்தான். மூன்றாம் தடவை இறங்கியபோது காலைச் சங்கிலியில் ஊன்றி நங்கூரத்தைப் பின்பக்கமாகத் தள்ளினான். கழன்றது. உள்ளங்கை கிழிந்திருந்தது. படகில் ஏறி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அர்கிரிஸ் மைக்கை எடுத்தான். "அன்பான விருந்தினர்களே, பலமான காத்து வர்றதால இன்னிக்குக் குகைக்குப் போக முடியாது. மன்னிக்கணும்."

கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பயணிகள் கடலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

"தர்பூசணி இலவசம்" என்று அர்கிரிஸ் சேர்த்துக்கொண்டான். தர்பூசணி எப்போதும் இலவசம்தான்.

தொப்பி போட்ட அம்மா மறுபடி வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். "இதுல என்ன இருக்கு?" என்றாள்.

"என் மனைவியோடது."

"அவங்க படகுல வர்றதில்லையா?"

"இப்ப வர்றதில்லை."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான். கடல்னாலே ஆகாது" என்றாள் அவள். லூகாஸ் தலையாட்டினான். வேகத்தைக் கூட்டினான். இதுவரை வைக்காத வேகம்.

படகு துறைமுகத்துக்குள் நுழையும்போதே கோயில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. பயணிகளைச் செருப்பு தேடவிட்டு, இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள்.

பாதிரியார் இருந்தார், ஞானஸ்நானத்துக்குக் கிளம்ப முடியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பாந்தெலிஸ் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தூசாவின் கல்லறைமேல், நட்ட நடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு செவஸ்தி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருக்க மாட்டேங்கறாங்க" என்றான் பாந்தெலிஸ். "நானும் கெஞ்சிட்டேன், சாமியும் கெஞ்சிட்டாரு. அங்க ஒரு கொழந்தை அம்மணமா அழுதுக்கிட்டு இருக்காம்."

செவஸ்தி லூகாஸின் நனைந்த தலையைப் பார்த்தாள். துணி சுற்றிய கையைப் பார்த்தாள். "என்னைத் தூக்கி விடு மாப்பிள்ளே. கால் மரத்துப் போச்சு" என்றாள்.

அவன் தூக்கி விட்டான்.

பாதிரியார் சுருக்கமாக ஜெபம் சொன்னார். பாந்தெலிஸ் தோண்டினான். கொஞ்ச ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினான். தலையை முதலில் எடுத்துக் கொடுத்தான். செவஸ்தி அதை ஒயினில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். எலும்பு தேன்மெழுகின் மஞ்சள் நிறத்தில் இருந்தால் போன ஆத்மா நிம்மதியாக இருக்கிறது என்று அங்கே சொல்வார்கள்.

"மஞ்சளா இருக்கு" என்றாள். "பாருங்க சாமி. எப்படி மஞ்சளா இருக்கு எம் பொண்ணு." பாதிரியார் பார்த்தார், ஆமாம் என்றார், ஞானஸ்நானத்துக்கு ஓடினார்.

லூகாஸுக்கு ஒரு கிண்ணம் ஒயினும் துணியும் கொடுத்தார்கள். வந்ததை வாங்கிக் கழுவினான். விலா. விலா. முதுகெலும்பு. எல்லாம் லேசாக இருந்தன. எதுவும் யாருடையதாகவும் இல்லை. பாந்தெலிஸ் கை எலும்பு ஒன்றைக் கொடுத்தான். அது கனத்தது. துடைத்தபோது மண்ணுக்கடியில் உலோகம் தெரிந்தது. தகடு. அதன் திருகாணிகள் புதிதுபோல் இருந்தன.

அவன் கை நின்றுவிட்டது. கிழிந்த உள்ளங்கையில் ஒயின் பட்டு எரிந்தது. அப்போதுதான் எரியத் தொடங்கியது.

மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். அர்கிரிஸ் மூக்கை உறிஞ்சினான். "மச்சான்" என்றான், "நாளைக்கு எப்படின்னு கேளேன்."

செவஸ்தி அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

லூகாஸ் தகட்டின்மேல் கட்டைவிரலை வைத்தான். சில்லென்றிருந்தது. சுவரோரத்துச் சைப்ரஸ் மரங்களில் ஓர் இலை அசையவில்லை.

"காத்து வரும்" என்றான்.

"அப்ப நாளைக்குப் படகு எடுக்காதே" என்றாள் செவஸ்தி.

"எடுக்கலை."

அதைப் பெட்டிக்குள் வைத்தான். பாந்தெலிஸ் குழிக்குள்ளிருந்து அடுத்ததை நீட்டினான். அவளுடைய இன்னொரு கை. லூகாஸ் துணியை ஒயினில் நனைத்துக்கொண்டு வாங்கினான்.